அரிசியை விட்டுவிட்டு வண்டை மட்டும் சுட முடியுமா?

கவுனி அரிசி இப்போது விற்கிற விலைக்கு அதில் வண்டு விழுந்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். பட்டை தீட்டாத அரிசி, தவிடு அப்படியே இருக்கும், நமக்கு அது சத்து என்றால் வண்டுக்கும் அதுவே சத்து. செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளுக்கென்று மொத்தமாக வாங்கி வைப்பவர்கள் வெயிலில் காயப்போடுகிறார்கள், சுளகில் புடைக்கிறார்கள், வசம்பும் வேப்பிலையும் போட்டு மூடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் மறுபடி கறுப்பாக ஓடுகிறது. “மைக்ரோவேவ் ஓவனில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள், எல்லாம் செத்துவிடும்” என்று ஒரு யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பாதி சரி. மீதிப் பாதி ஏன் சரியில்லை என்று கேட்டால், வண்டின் உடம்புக்கும் அரிசி மணிக்கும் மின்சார ரீதியாக என்ன வித்தியாசம் என்ற சுவாரசியமான கேள்வியில் போய் நிற்போம்.

முதலில் வண்டைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்துவிடலாம்.

அரிசியில் நாம் அதிகம் பார்ப்பது கூன்வண்டு. தலை யானைத் தும்பிக்கை மாதிரி நீண்டிருக்கும், நீளம் மூன்று மில்லிமீட்டர் வாக்கில்தான். பெண் வண்டு அந்த மூக்கின் நுனியில் இருக்கும் வாயால் மணியில் ஒரு சின்னக் குழி தோண்டும். திரும்பி நின்று அதில் ஒரு முட்டையை வைக்கும். அப்புறம் பசை போன்ற ஒரு திரவத்தால் குழியை அடைத்துப் பூசிவிடும். பூச்சு காய்ந்த பிறகு அந்த மணியைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. உள்ளே முட்டை பொரிந்து, காலில்லாத வெள்ளைப் புழு மணியின் மாவைத் தின்றுகொண்டே வளரும். அங்கேயே கூட்டுப்புழுவாகி, அங்கேயே வண்டாகி, ஓட்டை போட்டு வெளியே வரும். நம் ஊர் வெக்கையில் இதற்கெல்லாம் ஏறக்குறைய ஒரு மாதம் போதும்.

சுளகில் புடைத்தால் போவது வெளியே திரிகிற வண்டுகள் மட்டும்தான். அடுத்த தலைமுறை மணிக்குள் பத்திரமாக இருக்கிறது. வெயிலில் கொட்டினாலும் அப்படித்தான், சூடு தாங்காமல் வண்டுகள் வளவின், அதாவது வீட்டு நடுமுற்றத்தின், நிழல் பக்கம் வரிசையாக ஓடுவதைப் பார்க்கலாம், புழுவால் ஓட முடியாது என்றாலும் அதற்கு ஒரு வீடு இருக்கிறது. மணிக்குள் இருக்கும் புழுவை, மணியை உடைக்காமல், மருந்து போடாமல் எட்டுவது எப்படி என்பதுதான் பிரச்சினை.

சேமிப்பு இந்தப் பக்கத்துக்கு எப்போதுமே பெரிய விஷயம். சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், தை மாசி வாக்கில் அறுப்பு, அந்த நெல்தான் வருஷம் முழுக்க. அதனால்தான் பழைய வீடுகளில் நெல்லுக்கென்று தனி அறைகளும், காயப்போட வெயில் இறங்கும் வளவும் இருந்தன.

கொசு பேட் செய்வதும் இதுவும் ஒன்றல்ல

பூச்சியை மின்சாரத்தால் கொல்வது என்றதும் எல்லாருக்கும் கொசு பேட்தான் ஞாபகம் வரும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் கொசு சிக்குகிறது, அதன் உடம்பு வழியாக மின்சாரம் பாய்கிறது, பட்டென்று ஒரு சத்தம். கொசுவின் உடம்பு ஈரமானது, அந்த ஈரத்தில் உப்புகள் கரைந்திருக்கின்றன, ஆகவே அது மின்சாரத்துக்கு வழி விடுகிறது. கூன்வண்டும் அப்படித்தான். ஆனால் மணிக்குள் இருக்கும் புழுவைக் கம்பியால் தொட முடியாது. தொடாமலே உள்ளே போகக்கூடியது மின்புலம்.

இரண்டு உலோகத் தகடுகளை இடைவெளி விட்டு வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், நடுவில் உள்ள இடத்தில் ஒரு மின்புலம் உண்டாகிறது. அந்த இடைவெளியில் அரிசியைக் கொட்டினால் புலம் அரிசிக்குள்ளும் போகும், அரிசிக்குள் இருக்கும் புழுவுக்குள்ளும் போகும். மாறுதிசை மின்சாரம் கொடுத்தால் புலம் ஒரு நொடிக்குப் பல முறை திசை மாறும். எத்தனை முறை என்பதுதான் அதிர்வெண்.

இந்த ஏற்பாடு நெல் விற்றவர்களுக்குப் பழக்கமானதுதான், பெயர்தான் புதிதாக இருக்கும். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் இருக்கிறதே, ஒரு கிண்ணத்தில் நெல்லைக் கொட்டியதும் எண் காட்டுமே, அந்த வகை மீட்டரின் கிண்ணமே ஒரு கெபாசிட்டர். நடுவில் உள்ள நெல் எவ்வளவு ஈரமோ அந்த அளவுக்கு அது சேர்த்து வைக்கும் மின்னூட்டம் கூடும். மீட்டர் ஈரத்தை நேரடியாக அளக்கவில்லை, நெல்லின் மின்பண்பை அளந்து அதை ஈரப்பதக் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. 17 சதவீதத்துக்கு மேல் காட்டிவிட்டால் மூட்டையைத் திரும்பக் களத்துக்குத் தூக்க வேண்டியதுதான். நெல்லின் சூடு மாறினால் கணக்கும் மாறும் என்பதால் வெப்பநிலைத் திருத்தமும் உண்டு. வெயிலில் காய்ந்த நெல்லைச் சுடச்சுடக் கொட்டி அளப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

மீட்டர் பயன்படுத்தும் அந்தப் பண்புக்கு மின்காப்பு மாறிலி என்று பெயர். வெற்றிடத்துக்கு 1. காய்ந்த தானியத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 5-க்குள். தண்ணீருக்கு அறை வெப்பநிலையில் 80-க்குப் பக்கம். ஈரம் கொஞ்சம் கூடினாலும் மீட்டர் சட்டென்று காட்டிக்கொடுப்பதற்கு இந்தப் பெரிய இடைவெளிதான் காரணம்.

பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு வேண்டியது இதற்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு எண். அதற்கு இழப்புக் காரணி என்று பெயர். திசை மாறிக்கொண்டே இருக்கும் புலத்திலிருந்து ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலை விழுங்கி வெப்பமாக மாற்றுகிறது என்பதை இது சொல்கிறது. வண்டின் இழப்புக் காரணி அரிசியினுடையதைவிடப் பெரிதாக இருந்தால், ஒரே புலத்தில் இரண்டும் இருக்கும்போது வண்டு வேகமாகச் சூடாகும். இந்த வித்தை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

தண்ணீர் இரண்டிலும் இருக்கிறதே?

நியாயமான கேள்வி. நன்றாகக் காய்ந்த அரிசியிலும் 12, 13 சதவீதம் தண்ணீர் இருக்கத்தான் செய்கிறது. வண்டின் உடம்பில் பாதிக்குப் பக்கம் தண்ணீர். அளவில் வித்தியாசம் இருக்கிறது, அதைவிடப் பெரிய வித்தியாசம் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதில்.

தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின். புலம் திசை மாறும்போது கூடவே திரும்பப் பார்க்கும். வண்டின் உடம்பில் அது திரவமாக, தாராளமாகத் திரும்பும் நிலையில் இருக்கிறது. அரிசியிலோ மாவுச்சத்தோடும் புரதத்தோடும் ஒட்டிக்கிடக்கிறது. முகூர்த்த நாளில் காரைக்குடியிலிருந்து மதுரை போகிற பஸ்ஸில் படியில் தொங்குகிறவர் திரும்பி நிற்க நினைப்பது மாதிரி, ஆசை இருந்தாலும் இடம் கிடையாது. பனிக்கட்டியிலும் இதே கதைதான். அதுவும் தண்ணீரேதான், ஆனால் மைக்ரோவேவ் ஓவனில் பனிக்கட்டி உருகத் தயங்கும், உருகிய பிறகு அந்தத் தண்ணீர் மளமளவென்று சூடாகும்.

அப்புறம் உப்பு. வண்டின் உடம்புத் திரவத்தில் சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் கரைந்து கிடக்கின்றன. புலம் திசை மாறும்போதெல்லாம் அவை முன்னும் பின்னும் அலைந்து மோதிச் சூட்டைக் கிளப்பும். காய்ந்த அரிசியில் உப்புகள் இருந்தாலும் அவை அலைவதற்கான திரவம் இல்லை. கரைசலுக்குள் அயனிகள் எப்படி நகர்கின்றன என்பது மின்வேதியியலின் அரிச்சுவடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருப்பதால், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வார்த்தை ஒன்றும் அந்நியமில்லை.

இந்த அயனி அலைச்சல் எந்த அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. நொடிக்குச் சில கோடி முறை திசை மாறும் ரேடியோ அலை வரம்பில் இதன் பங்குதான் பெரிது. நொடிக்குச் சில நூறு கோடி முறை மாறும் மைக்ரோவேவ் வரம்புக்குப் போனால் இதன் பங்கு சுருங்கி, தண்ணீர் மூலக்கூறு திரும்புவதால் வரும் சூடு மேலோங்கும். அங்கே அரிசியின் தண்ணீரும் ஓரளவு கலந்துகொள்கிறது, ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடுகிறது.

இதை அளந்து காட்டியதில் முக்கியமானவர் அமெரிக்க வேளாண் துறையில் பணிபுரிந்த ஸ்டூவர்ட் நெல்சன். ரேடியோ அலையால் பூச்சியைக் கொல்லும் சோதனைகள் 1920-களின் கடைசியிலேயே அங்கே நடந்திருக்கின்றன, ஆனால் எந்த அதிர்வெண் சரி என்பது தெளிவாகவில்லை. நெல்சனும் அவரோடு வேலை செய்த சாரிட்டியும் நம் அரிசிக் கூன்வண்டுகளையும் கோதுமையையும் தனித்தனியே எடுத்து, 50 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 ஆயிரம் முறை) தொடங்கி 12 கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,200 கோடி முறை) வரைக்கும் மின்பண்புகளை அளந்து 1972-ல் வெளியிட்டார்கள். வண்டுக்கும் தானியத்துக்கும் இழப்புக் காரணியில் பெரிய இடைவெளி விழுந்தது ஏறத்தாழ 5 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதியில் (ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் முறை). 2450 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியிருந்தது.

உயிருள்ள வண்டுகளை வைத்துப் பார்த்தபோதும் அதுவே தெரிந்தது. 39 மெகாஹெர்ட்ஸில் கோதுமை மிதமாகச் சூடான நிலையிலேயே வண்டுகள் செத்தன. 2450-ல் அதே அளவு வண்டுகளைக் கொல்லக் கோதுமையை அதைவிட வெகுவாகச் சூடேற்ற வேண்டியிருந்தது.

வீட்டு மைக்ரோவேவ் ஓவன் வேலை செய்வது அதே 2450 மெகாஹெர்ட்ஸில்தான். அதில் அரிசியை வைத்தால் வண்டு சாகும், சந்தேகமில்லை. ஆனால் வண்டை மட்டும் தேடிப்பிடித்துச் சுடுவதில்லை, அரிசியோடு சேர்த்து வேகவைத்துச் சாகடிக்கிறது. கூடவே, அந்தப் பெட்டிக்குள் ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் ஆறிக்கிடக்கும். ஆறின மூலையில் உள்ள மணிக்குள் புழு பிழைத்துக்கொள்ளும், கொதித்த இடத்து அரிசி விரிசல் விடும். விதை நெல்லை மட்டும் தயவுசெய்து அதில் வைக்காதீர்கள். முளைப்புத்திறன் போய்விட்டால் கண்மாய் நிறைந்தும் பயனில்லை.

காகிதக் கணக்கும் களத்துக் கணக்கும்

இழப்புக் காரணியில் வித்தியாசம் பல மடங்கு இருக்கிறதே, அப்படியானால் அரிசி சில்லென்று இருக்க வண்டு மட்டும் வெந்துவிடுமா என்றால், இல்லை. ஆர்வத்தில் எழுதப்படும் செய்திகள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகின்றன.

ஒன்று, வண்டு மிகச் சின்ன உடம்பு. சின்ன உடம்புக்குப் பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். வாங்கிய சூட்டை உடனே சுற்றியுள்ள மணிக்கு விட்டுவிடும். மணிக்குள் மாவோடு ஒட்டிக்கிடக்கும் புழு இன்னும் சீக்கிரம் விட்டுவிடும். ஆகவே வெளியே திரியும் வண்டைக் கொல்வதைவிட உள்ளே இருக்கும் புழுவைக் கொல்வது கஷ்டம். மெதுவாகச் சூடேற்றினால் வித்தியாசம் கரைந்துபோகும், வேகமாகச் சூடேற்ற வேண்டும். இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. ஈரமான, மின்காப்பு மாறிலி அதிகமான ஒரு பொருள் காய்ந்த பொருளுக்கு நடுவில் இருந்தால், அந்த ஈரமான பொருளுக்குள் புலத்தின் வலிமை குறைந்துவிடும். சூடோ புலத்தின் வலிமையின் இருமடியைப் பொறுத்தது, புலம் பாதியானால் சூடு கால்வாசிதான். எந்தத் தண்ணீர் வண்டைக் காட்டிக்கொடுக்கிறதோ, அதே தண்ணீர் ஓரளவு அதற்கு மறைப்பும் கட்டுகிறது.

எல்லாம் போக மிஞ்சும் வித்தியாசம் எவ்வளவு? வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் வால்நட் கொட்டைகளில் பூச்சிப் புழுக்களை வைத்து 27 மெகாஹெர்ட்ஸில் சோதித்தபோது, கொட்டையைவிடப் புழு சுமார் ஒன்றரை மடங்கு வேகமாகச் சூடானது. 915 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவில் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஒன்றரை மடங்கு என்பது மந்திரம் இல்லைதான், ஆனால் சும்மாவும் இல்லை. சேமிப்புப் பூச்சிகளில் பெரும்பாலானவை 25 முதல் 33 டிகிரியில் செழிப்பாக இருக்கும், 50-ஐத் தாண்டினால் நிமிடக் கணக்கில் சாகத் தொடங்கும். அந்தக் கடைசிச் சில டிகிரியை அரிசிக்குக் கொடுக்காமல் புழுவுக்குக் கொடுக்க முடிந்தால் அரிசியின் மணமும் சமைக்கும் குணமும் தப்பும்.

ரேடியோ அலைக்கு இன்னொரு அனுகூலம், அதன் நீளம். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 11 மீட்டர், 2450-க்கு 12 சென்டிமீட்டர்தான். நீண்ட அலை மூட்டையின் நடுவரைக்கும் நன்றாக ஊடுருவும். இதற்கான எந்திரம் பெரிய இரண்டு தகடுகளும் நடுவில் ஓடும் கன்வேயர் பெல்ட்டும்தான். எந்த அதிர்வெண்ணை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியாது, தகவல் தொடர்பைக் குழப்பாமல் இருக்கத் தொழில் பயன்பாட்டுக்கென்று 13.56, 27.12, 40.68 மெகாஹெர்ட்ஸ் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல வேளையாக இந்த மூன்றுமே நெல்சன் காட்டிய வரம்புக்குள் வருகின்றன.

மின்சாரச் செலவைப் பற்றித்தான் முதலில் பயப்படுவார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ அரிசியை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.7 கிலோஜூல் வேண்டும். ஒரு டன்னை 30-லிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுபோக 34 மெகாஜூல், அதாவது ஒன்பதரை யூனிட். எந்திரத்தில் வீணாவதைச் சேர்த்தாலும் இருபது யூனிட்டுக்குள் முடிந்துவிடும். டன்னுக்கு இது பெரிய பணமே இல்லை. தடுப்பது எந்திரத்தின் விலை. அதனால் நெல் மூட்டை மூட்டையாகக் குவியும் கிடங்குகளுக்கு முன்னால், கவுனி போன்ற விலை கூடிய அரிசிக்கும் பயறுக்கும் பொருந்தும் தொழில்நுட்பம் இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பத்து விவசாயிகள் சேர்ந்த உற்பத்தியாளர் கூட்டமைப்போ, ஒரு நல்ல அரைவை மில்லோ வைத்துக்கொண்டால் சுற்றுவட்டாரத்துக்கே போதும்.

கொல்ல மட்டுமல்ல, கண்டுபிடிக்கவும்

அதே ஈரம் உளவு சொல்லவும் பயன்படுகிறது. அமெரிக்காவின் கான்சாஸில் வேளாண் துறை ஆய்வாளர்கள் இரண்டு உலோக உருளைகளுக்கு நடுவே மின்னழுத்தம் வைத்து, கோதுமை மணிகளை ஒவ்வொன்றாக நசுங்கவிட்டுப் பார்த்தார்கள். காய்ந்த மணி நசுங்கினால் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. உள்ளே உயிருள்ள புழு இருந்தால் அதன் ஈரம் இரண்டு உருளைகளுக்கும் பாலம் போட, ஒரு கணம் மின்னோட்டம் துள்ளும். அந்தத் துள்ளலை எண்ணினால் மாதிரியில் எத்தனை மணிக்குள் புழு இருக்கிறது என்று தெரிந்துவிடும். மாதிரி மாவாகிவிடுமே என்றால், ஆகட்டும், ஒரு லாரிச் சரக்கை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு கிலோ போனால் என்ன? முட்டையும் மிக இளம் புழுவும் இதில் தப்பிவிட வாய்ப்புண்டு, அவற்றின் ஈரம் அவ்வளவு சொற்பம்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், இப்போது கிடங்குகளை ஆளும் பாஸ்பீன் வாயு. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அந்த வாயுவை விடுகிறது. மலிவு, எங்கும் ஊடுருவும், மணிக்குள்ளும் போகும். ஆனால் தானியத் துளைப்பானும் சிவப்பு மாவு வண்டும் இந்தியாவிலேயே பல இடங்களில் அதற்கு எதிர்ப்புத்திறன் வளர்த்துக்கொண்டுவிட்டன. இன்னொரு வாயுவான மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. மின்புலத்தால் வரும் சூட்டில் உணவில் மிஞ்சும் மருந்து என்று எதுவும் கிடையாது. ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: அந்த மாத்திரையை வீட்டு அரிசி டிரம்மில் யாரும் போடக்கூடாது. ஆள் படுத்திருக்கும் வீட்டில் அந்த வாயு உயிரை எடுத்துவிடும்.

சரி, ரேடியோ அலை எந்திரம் நம் தெருவுக்கு வரும்வரை வீட்டில் என்ன செய்வது? காயவைப்பது வீண் வேலை இல்லை. அரிசி எவ்வளவு காய்கிறதோ, வண்டு அவ்வளவு மெதுவாகப் பெருகும். பின்னாளில் மில்லில் ரேடியோ அலை காட்டுவதாக இருந்தாலும், காய்ந்த அரிசியில்தான் வண்டுக்கும் மணிக்கும் உள்ள மின்பண்பு வித்தியாசம் அதிகம். ஐந்து பத்து கிலோ கவுனி என்றால் சூட்டைவிடக் குளிர் சுலபம். கிலோ கிலோவாகக் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உள்ள ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சேர்ந்தே செத்துவிடும். எடுத்தவுடன் பையைப் பிரிக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த அரிசி மேல் படிந்து பூஞ்சை பிடிக்கும்.